1987 பேட்ச்: முட்டைப் பந்து ஆடின பசங்க

நான் பொட்டி தட்டுற இடத்துல கிளையண்ட் மெல்போர்ன்காரங்க. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அவங்களோட திங்கக்கிழமை கால் எப்பவுமே பத்து நிமிஷம் லேட்டாத்தான் ஆரம்பிக்கும். இங்க மணி காலை அஞ்சரை. நான் பல்லு கூட விளக்காம ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அங்க பத்து மணி. காபி எல்லாம் குடிச்சு தெம்பா இருப்பாங்க. சனி ஞாயிறு மேட்ச்ல யாரு யாரை முட்டினான், யாருக்கு முட்டி போச்சு, எந்த அம்பயருக்கு கண்ணு தெரியலைன்னு பேசி முடிச்சாத்தான் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டுக்கே வருவாங்க.

முதல்ல நான் அதை சாக்கர்னு நினைச்சேன். அப்புறம் ரக்பின்னு நினைச்சேன். ரெண்டும் இல்ல, இது "ஃபுட்டி", ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்னு ஒருத்தர் ரொம்பப் பொறுமையா விளக்கினார். அந்தப் பத்து நிமிஷமும் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாதுன்னு படிக்க ஆரம்பிச்சவன்தான், இப்ப பழைய சீசன் பட்டியல்களை எல்லாம் தோண்டிக்கிட்டு இருக்கேன். டமேஜர் கண்டுக்காத வரைக்கும் ஓடும் :-)

அப்படித் தோண்டினப்ப என்னைப் புடிச்சு நிறுத்தினது ஒரு வகைப் பட்டியல். ஒவ்வொரு சீசனுக்கும், அந்த வருஷம் முதல் முறையா சீனியர் மேட்ச் ஆடினவங்க யார் யார்னு வரிசையா பேரு போட்டிருப்பாங்க. நம்ம காலேஜ்ல பேட்ச் போட்டோ எடுப்பாங்களே, அது மாதிரி. போட்டோ எடுக்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் இளிச்சுக்கிட்டு நிப்பாங்க. யாரு எங்க போய் நிப்பான்னு அந்தப் படத்தைப் பார்த்து ஒருத்தராலும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் கழிச்சு அதே போட்டோவை எடுத்துப் பார்த்தா எப்படி இருக்கும்? 1987 பேட்ச் போட்டோவை எடுத்துப் பார்ப்போம்.

முதல்ல ஆட்டம் என்னன்னு சொல்லிடறேன்

பாக்ஸிங் டே டெஸ்ட்டுக்கு விடியக்காலையில எழுந்து டிவி முன்னாடி உட்காருவோமே, அந்த எம்.சி.ஜி. மைதானம்தான் இந்த ஆட்டத்துக்கும் கோயில். கோடையில கிரிக்கெட், குளிர்காலத்துல ஃபுட்டி. இந்த ஆட்டம் பொறந்ததே கிரிக்கெட்டாலதான். டாம் வில்ஸ்னு ஒரு கிரிக்கெட் வீரர், குளிர்காலத்துல கிரிக்கெட்காரங்க உடம்பு துருப்புடிக்காம இருக்க ஒரு ஆட்டம் வேணும்னு 1858ல பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859ல மெல்போர்ன் கிளப் விதிகளை எழுதி வச்சது.

பந்து முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். உதைக்கலாம், கையில வச்சு இன்னொரு கையால குத்தித் தள்ளலாம், ஆனா எறியக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்கு இடையில உதைச்சா கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில போனா "பிஹைண்ட்", 1 புள்ளி. அதனால ஸ்கோரை 10.14 (74) அப்படின்னு எழுதுவாங்க. 10 கோல், 14 பிஹைண்ட், மொத்தம் 74. இந்தக் கணக்கை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஏன் 1987?

1897ல விக்டோரியன் ஃபுட்பால் லீக், சுருக்கமா வி.எஃப்.எல்., எட்டு கிளப்போட ஆரம்பிச்சது. விக்டோரியாங்கிறது மாநிலத்தோட பேரு. ஆனா நடைமுறையில அது மெல்போர்ன் பேட்டைகளோட லீக். கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், எஸ்ஸெண்டன், செயிண்ட் கில்டா எல்லாம் மெல்போர்ன்ல இருக்குற ஏரியா பேருங்க. திருவல்லிக்கேணி, மாம்பலம், பெரம்பூர்னு ஆளுக்கு ஒரு கிளப் வச்சுக்கிட்டு நூறு வருஷமா சண்டை போட்டா எப்படி இருக்கும், அதுதான். ஜீலாங் மட்டும் கொஞ்சம் தள்ளி.

இதுல பணப் பிரச்சனை வந்துச்சு. எண்பதுகள்ல பாதி கிளப்புகள் கடன்ல மூழ்கிக் கிடந்துச்சு. 1982ல சவுத் மெல்போர்ன் கிளப் பொழப்பு தேடி சிட்னிக்கே மூட்டை கட்டிடுச்சு. 1986 கடைசியில லீக் ஒரு முடிவு எடுத்தது. பெர்த்லேர்ந்து வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ், குயின்ஸ்லாந்துலேர்ந்து பிரிஸ்பேன் பேர்ஸ்னு ரெண்டு புது அணிக்கு லைசென்ஸ். ஒவ்வொரு லைசென்ஸும் 40 லட்சம் டாலர். அந்தக் காசுலதான் பல பழைய கிளப்புகள் மூச்சு விட்டுச்சு. ஆக பேட்டை லீக் தேசிய லீக்கா மாற ஆரம்பிச்ச வருஷம் 1987. பேரு ஏ.எஃப்.எல்.னு மாறினது 1990லதான்.

அதனாலதான் 1987 பட்டியலைப் படிக்கிறதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. "அறிமுகம்"ங்கிறது ரெண்டு வகை. லீக்லயே முதல் ஆட்டம் ஒண்ணு. இந்த கிளப்புக்கு முதல் ஆட்டம் இன்னொண்ணு. புது அணிகள்ல இறங்கின ஒவ்வொருத்தருக்கும் அது கிளப் அறிமுகம்தானே! வெஸ்ட் கோஸ்ட்டோட முதல் கேப்டன் ராஸ் கிளெண்டினிங், நார்த் மெல்போர்னுக்கு ஆடி 1983லயே லீக்கோட சிறந்த வீரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினவர். அவரும் இந்தப் பட்டியல்ல வருவார், பதினெட்டு வயசுப் பையனும் வருவான். டேட்டாபேஸ்காரன் பாஷையில சொன்னா ஒரே டேபிள், ரெண்டு விதமான ரெக்கார்டு.

பட்டியல்ல இல்லாத ஒரு பேரும் சுவாரசியம். லீக் முதல் முறையா தேசிய அளவுல டிராஃப்ட் நடத்தினது 1986ல. வரலாற்றுலயே முதல் டிராஃப்ட்டோட முதல் தேர்வு மார்ட்டின் லெஸ்லி, பிரிஸ்பேன் பேர்ஸ் எடுத்தது. மனுஷன் தன்னோட சொந்த போர்ட் அடிலெய்ட் கிளப்பை விட்டு உடனே கிளம்பலை. பேர்ஸுக்கு இறங்கினது 1989ல. ஆக நம்பர் ஒன் ஆளு பேட்ச் போட்டோவிலேயே இல்லை!

மார்ச் 27, 1987, எம்.சி.ஜி.யில பேர்ஸ் தன்னோட முதல் ஆட்டத்துல நார்த் மெல்போர்னை 33 புள்ளியில ஜெயிச்சது. ரெண்டு நாள் கழிச்சு பெர்த் சுபியாகோ ஓவல்ல ஈகிள்ஸ், ரிச்மண்டை 14 புள்ளியில ஜெயிச்சது. பழைய பேட்டைகளுக்கு இது கொஞ்சம் கசப்பு மாத்திரைதான். "உங்க காசு வேணும், ஆனா எங்களை ஜெயிக்கக் கூடாது"ன்னு எங்கயாவது எழுதி வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் :-)

சரி, இப்ப போட்டோவுல இருக்குற சில முகங்களைப் பார்ப்போம்.

டப்ளின் பையன்

ஜிம் ஸ்டைன்ஸ். 1966ல பொறந்தவர், டப்ளின்காரர். அயர்லாந்துல "கேலிக் ஃபுட்பால்"னு ஒண்ணு உண்டு. பந்து உருண்டை, 15 பேர், கம்பம் வேற மாதிரி. ஆனா எம்பிப் பிடிக்கிறது, ஓடிக்கிட்டே உதைக்கிறதுல ரெண்டு ஆட்டத்துக்கும் ஜாடை ஒத்துப்போகும். இதைப் பார்த்து மெல்போர்ன் கிளப் கோச் ரான் பராசிக்கு ஒரு யோசனை. நல்ல உயரமான ஐரிஷ் பசங்களைக் கூட்டிட்டு வந்து முட்டைப் பந்தைக் கையில குடுத்தா என்ன? "ஐரிஷ் எக்ஸ்பெரிமெண்ட்"னு பேரு. பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்க. மேல்படிப்புக்கு உதவி, கூடவே ஃபுட்டி பயிற்சி.

1984ல டப்ளின் மைனர் அணியோட ஆல் அயர்லாந்து பட்டம் ஜெயிச்ச கையோட அந்த வருஷக் கடைசியில ஸ்டைன்ஸ் மெல்போர்ன் வந்து இறங்கினார். உடனே எல்லாம் சீனியர் டீம்ல போடலை. முட்டைப் பந்து ஒரு பக்கம் குத்தினா இன்னொரு பக்கம் போகும். அண்டர்-19 டீம், அப்புறம் வி.எஃப்.ஏ.ங்கிற அடுத்த நிலை லீக்ல பிரான் கிளப்னு தேய்ஞ்சு தேய்ஞ்சுதான் 1987ல மெல்போர்னுக்கு முதல் ஆட்டம் கிடைச்சது.

அந்த மெல்போர்ன் கிளப்போட நிலைமையையும் சொல்லணும். 1964ல கோப்பை ஜெயிச்சதுக்கு அப்புறம் 23 வருஷமா ஃபைனல்ஸ் ரவுண்டையே பார்த்ததில்லை. ராபர்ட் ஃபிளவர்னு ஒரு அருமையான ஆட்டக்காரர், 1973லேர்ந்து அந்த கிளப்புக்கே ஆடிக்கிட்டு இருக்கார், ஒரே ஒரு ஃபைனல்ஸ் ஆட்டம் கூட ஆடினதில்லை. 1987தான் அவருக்குக் கடைசி சீசன். லீக் ஆட்டங்களோட கடைசி நாள்ல மெல்போர்ன் ஜெயிச்சாகணும், ஜீலாங் தோத்தாகணும். மெல்போர்ன் ஜெயிச்சது. ஜீலாங்கை ஹாவ்தார்ன் கடைசி நிமிஷங்கள்ல வெறும் 3 புள்ளியில சாய்ச்சது. உள்ள வந்தாச்சு! வந்தவங்க சும்மா இருக்கலை. நார்த் மெல்போர்னை 118 புள்ளி, சிட்னியை 76 புள்ளி வித்தியாசத்துல துவைச்சாங்க. இன்னும் ஒரு ஆட்டம் ஜெயிச்சா கிராண்ட் ஃபைனல். எதிர்ல யாரு? உள்ள வர வழி விட்ட அதே ஹாவ்தார்ன்.

செப்டம்பர் 19, 1987. வேவர்லி மைதானம், 70,000 பேருக்கு மேல கூட்டம். கடைசி விநாடிகள். மெல்போர்ன் 10.18 (78), ஹாவ்தார்ன் 10.14 (74). நாலு புள்ளி முன்னிலை. ஹாவ்தார்னோட கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கம்பத்துலேர்ந்து 50 மீட்டருக்கு மேல தூரம். அங்கேர்ந்து கோல் போடறது கஷ்டம். போடாட்டி மெல்போர்ன் கிராண்ட் ஃபைனல்ல.

இந்த இடத்துல ஒரு விதி. ஃப்ரீ கிக் எடுக்குறவருக்கும், குறிச்ச இடத்துல நிக்கிற எதிராளிக்கும் இடையில வேற யாரும் குறுக்க ஓடக் கூடாது. அந்த விளையாட்டுல பொறந்து வளர்ந்த பசங்களுக்கு இது ரத்தத்துல ஊறின விஷயம். ஸ்டைன்ஸுக்கு? தன் ஆளைத் துரத்திக்கிட்டு நேரா அந்த இடைவெளியிலேயே குறுக்க ஓடிட்டார்.

விசில். 15 மீட்டர் பெனால்டி. பக்கனாரா 15 மீட்டர் முன்னாடி வந்தார். சைரனுக்கு அப்புறம் உதைச்சார். கோல். 11.14 (80). ரெண்டு புள்ளியில மெல்போர்ன் காலி. ராபர்ட் ஃபிளவரோட 272வது, கடைசி ஆட்டம் அதோட முடிஞ்சது.

ஆட்டம் முடிஞ்சதும் கோச் ஜான் நார்த்தி ஸ்டைன்ஸை வறுத்தெடுத்தது கேமராவுல பதிவாகி, அந்த நாட்டு விளையாட்டு ஆல்பத்துலயே ஒரு நிரந்தரப் படமாயிடுச்சு. தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்குற 21 வயசுப் பையன். ஊரு 17,000 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு.

கொஞ்சம் என் கொசுவத்தியையும் சுத்திக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், என்னோட முதல் ரிலீஸ் ராத்திரி. ஒரு அப்டேட் குவெரியில 'வேர்' கண்டிஷன் போட மறந்துட்டேன். டேபிள்ல இருந்த அத்தனை வரிசையும் ஒரே மதிப்பா மாறிடுச்சு. விடியற வரைக்கும் பேக்கப்லேர்ந்து மீட்டெடுத்தோம். தப்பு முழுக்க முழுக்க என்னோடது. காலையில என் லீட் நல்லா கடிச்சார். அடுத்த ரிலீஸ் பிளான் போட்டப்ப அதே வேலைக்கு நேரா மறுபடியும் என் பேரைத்தான் எழுதினார். எனக்கு அன்னிக்குக் கடி வாங்கினது கூட மறந்துபோச்சு, அந்த ஷீட்ல என் பேரைப் பார்த்தது மட்டும் அப்படியே மனசுல இருக்கு.

அதனால ஸ்டைன்ஸோட கதையில நான் தேடினது 1988 முதல் ஆட்டத்தைத்தான். டீம்ல பேரு இருந்துச்சா? இருந்துச்சு. வறுத்தெடுத்த அதே நார்த்திதான் அப்பவும் கோச்! அந்த வருஷம் மெல்போர்ன் கிராண்ட் ஃபைனலுக்கே போய், மறுபடியும் ஹாவ்தார்ன்கிட்ட 96 புள்ளி வித்தியாசத்துல செம அடி வாங்கினது வேற கதை. ஸ்டைன்ஸ் 1991ல பிரவுன்லோ மெடல் வாங்கினார். வெளிநாட்டுலேர்ந்து ஆட்டத்துக்குன்னு கூட்டிட்டு வரப்பட்டவங்கள்ல அதை வாங்கின ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியுறது இன்னொரு எண். 1987லேர்ந்து 1998 வரைக்கும் ஒரு ஆட்டம் கூட விடாம தொடர்ச்சியா 244 ஆட்டம். ரொம்ப வருஷத்துக்கு அதுதான் லீக் சாதனையா இருந்துச்சு. எண்ணிப் பார்த்தா, அந்தத் தொடர் 1987 சீசனோட பின்பாதியிலேயே ஆரம்பிக்குது. அதாவது குறுக்க ஓடின அந்த ஆட்டமும் அந்த 244க்குள்ளதான் இருக்கு!

மொத்தம் 264 ஆட்டம். 1994ல பசங்களுக்காக 'ரீச்'ங்கிற அமைப்பை இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்சார். தப்புப் பண்ணி ஒடிஞ்சு போன விடலைப் பசங்களோட உட்கார்ந்து பேசுறதுதான் வேலை. 2008ல மெல்போர்ன் கிளப் கடன்ல தத்தளிச்சப்ப தலைவரா வந்தார். 2009ல புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவுலயே வேலை பார்த்து 2010ல அந்தக் கடனை அடைச்சார். 2012 மார்ச் 20ல, 45 வயசுல போயிட்டார். விக்டோரியா மாநிலம் அரசு மரியாதையோட வழியனுப்புச்சு. எம்.சி.ஜி.க்கு வெளியே இப்ப அவருக்குச் சிலை இருக்கு.

பிங்கெல்லி பையன்

அதே 1987ல செயிண்ட் கில்டாவுக்கு முதல் ஆட்டம் ஆடினவர் நிக்கி வின்மார். மேற்கு ஆஸ்திரேலியாவுல பிங்கெல்லிங்கிற சின்ன ஊர்ல வளர்ந்தவர். நூங்கர் இனத்தைச் சேர்ந்த பூர்வகுடி. அவர் பொறந்தது 1965. மக்கள்தொகைக் கணக்குல பூர்வகுடி மக்களைச் சேர்க்கக் கூடாதுன்னு சொன்ன அரசியல் சட்டப் பிரிவை ஆஸ்திரேலியா ஓட்டுப் போட்டு நீக்கினது 1967. கணக்குலயே வராத பிள்ளையாப் பொறந்தவர்ங்கிறது உவமை இல்லை, சட்டப்படியே அப்படித்தான்.

ஆட்டத்துல மனுஷன் மின்னல். ஆனா அந்தக் காலத்துல பூர்வகுடி ஆட்டக்காரங்களை எதிரணியும் கூட்டமும் நிறத்தைச் சொல்லித் திட்டுறது "ஆட்டத்தோட ஒரு பகுதி"ன்னே வச்சிருந்தாங்க. காதுல வாங்காம ஆடு, முடிஞ்சதும் கை குடு, இதுதான் எழுதப்படாத விதி.

ஏப்ரல் 17, 1993. காலிங்வுட்டோட கோட்டை விக்டோரியா பார்க். வின்மாரையும், அதே அணியோட இன்னொரு பூர்வகுடி வீரரான கில்பர்ட் மெக்காடமையும் கூட்டம் நாள் முழுக்க வசை பாடினது. ரெண்டு பேரும் பிரமாதமா ஆடி செயிண்ட் கில்டா 22 புள்ளியில ஜெயிச்சது. ஆட்டம் முடிஞ்சதும் வின்மார் அந்தக் கூட்டத்துக்கு நேரா திரும்பி நின்னு, ஜெர்சியை மேல தூக்கி, தன் வயித்துத் தோலை விரலால சுட்டிக் காட்டினார். ரெண்டு பத்திரிகை போட்டோகிராஃபர்கள் அதைப் பிடிச்சுட்டாங்க, வெய்ன் லட்பி, ஜான் ஃபெடர். மறுநாள் பேப்பர்ல அந்தப் படம். அடுத்த சில நாள்ல காலிங்வுட் தலைவர் டிவியில, அவங்க வெள்ளைக்காரங்க மாதிரி நடந்துக்கிட்டா எல்லாரும் மதிப்பாங்கங்கிற அர்த்தத்துல பேசி, பிரச்சனை எதுன்னு தன்னை அறியாமலே நாட்டுக்கு விளக்கிட்டார்.

உடனே எதுவும் மாறிடலை. 1995ல எஸ்ஸெண்டன் வீரர் மைக்கேல் லாங், எதிராளி சொன்ன ஒரு வார்த்தையை விடாம புகாராக்கினப்பதான் லீக் அசைஞ்சது. அந்த வருஷமே இன வசைக்கு எதிரா தனி விதி வந்துச்சு.

ஸ்டைன்ஸ் விஷயத்துல கிளப் அவரை மன்னிச்சது, வளர்த்தது. வின்மார் விஷயத்துல மன்னிக்க வேண்டிய தப்பு அவர் பக்கம் இல்லை. ரெண்டு பேரும் ஒரே வருஷம் உள்ள வந்தவங்கதான். ஒருத்தருக்குத் தெரியாத விதி ஆட்டத்தோட விதி, அதைக் கத்துக்கிட்டார். இன்னொருத்தர்கிட்ட எழுதப்படாத விதி ஒண்ணைக் கத்துக்கச் சொன்னாங்க, அவர் மாட்டேன்னுட்டார். வின்மார் 251 ஆட்டம் ஆடினார். 200 ஆட்டத்தைத் தொட்ட முதல் பூர்வகுடி வீரர் அவர்தான். ஜெர்சியைத் தூக்கின அந்தக் காட்சி 2019லேர்ந்து பெர்த் ஸ்டேடியத்துக்கு வெளியே வெண்கலத்துல நிக்குது.

கானிவா பையன்

அலஸ்டர் கிளார்க்சன். விக்டோரியாவோட மேற்கு ஓரத்துல கானிவாங்கிற ஊரு. 1987ல நார்த் மெல்போர்னுக்கு அறிமுகம். சீசன் முடிஞ்சு அக்டோபர்ல லண்டன்ல ஒரு காட்சிப் போட்டி, கார்ல்டனும் நார்த் மெல்போர்னும். இடம் ஓவல். 1971ல நம்ம சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சுருட்டின அதே ஓவல். வெள்ளைக்காரங்களுக்கு எங்க ஆட்டத்தைக் காட்டுறோம்னு போனவங்க காட்டினது முழுக்க அடிதடி. "பேட்டில் ஆஃப் பிரிட்டன்"னு பேரே வச்சுட்டாங்க. அதுல 19 வயசு கிளார்க்சன் விட்ட குத்துல கார்ல்டனோட இயன் ஏட்கனுக்குத் தாடை உடைஞ்சது. தடை விழுந்துச்சு.

முதல் வருஷ ரெக்கார்டு இப்படி இருந்தா நம்ம ஊர்ல "உருப்படமாட்டான்"னு ஒரே வரியில முடிச்சிருப்போம். கிளார்க்சன் 134 ஆட்டம் ஆடினார், பெரிய நட்சத்திரம்னு சொல்ல முடியாது. அப்புறம் கோச் ஆனார். 2008, 2013, 2014, 2015ன்னு நாலு கோப்பையை ஹாவ்தார்னுக்கு வாங்கிக் குடுத்தார். 2023ல தான் ஆரம்பிச்ச நார்த் மெல்போர்னுக்கே கோச்சாத் திரும்பினார்.

இங்க ஒண்ணு உறுத்துது, சொல்லிடறேன். ஸ்டைன்ஸ் தப்புல போனது ஒரு மேட்ச். கிளார்க்சன் தப்புல உடைஞ்சது இன்னொருத்தர் தாடை. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு "பாரு, முன்னேறிட்டாங்க"ன்னு கை தட்ட எனக்கு மனசு வரலை. ரெண்டாவது வாய்ப்புங்கிறது நல்ல விஷயம்தான். ஆனா அடி வாங்கினவர் பேரையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கணும். அதனாலதான் ஏட்கன் பேரையும் எழுதினேன்.

பெர்த் பசங்க ரெண்டு பேர்

வெஸ்ட் கோஸ்ட்டோட 1987 பேட்ச்ல ஜான் வார்ஸ்ஃபோல்ட், கிறிஸ் மெய்ன்வாரிங் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும். அந்த முதல் சீசன்ல அணி 11 வெற்றி, 11 தோல்வி, எட்டாவது இடம். அஞ்சு வருஷம் கழிச்சு 1992ல விக்டோரியாவுக்கு வெளியேர்ந்து கோப்பை ஜெயிச்ச முதல் அணி. கேப்டன் வார்ஸ்ஃபோல்ட். 1994ல மறுபடியும். ரெண்டு அணியிலும் மெய்ன்வாரிங் உண்டு. பதினெட்டு வயசுல உள்ள வந்த வார்ஸ்ஃபோல்ட் 2006ல கோச்சாவும் அதே கிளப்புக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தார்.

மெய்ன்வாரிங் 201 ஆட்டம் ஆடினார். பெர்த் மொத்தமும் செல்லம் கொஞ்சின ஆளு. ஆடி முடிச்சு டிவியில விளையாட்டுச் செய்தி சொன்னார். 2007 அக்டோபர் 1ல போதை மருந்தால இறந்து போனார். 41 வயசு. முதல் வருஷத்துல சறுக்கலை, ரெண்டு கோப்பை, நல்ல வேலை, ஊரு முழுக்க ஃப்ரெண்ட்ஸ். பேட்ச் போட்டோவுல எதுவும் தெரியாதுன்னு சொன்னேனே, அது ரெண்டு பக்கமும் உண்மை.

அப்புறம்?

1987 கோப்பையை ஜெயிச்சது கார்ல்டன், ஹாவ்தார்னை 33 புள்ளியில சாய்ச்சு. அந்த வருஷத்தைப் பத்தி யாராவது கேட்டா பதில் அதுதான். ஆனா 1987 என்ன பண்ணுச்சுன்னு கேட்டா நான் அறிமுகப் பட்டியலைத்தான் காட்டுவேன். பேட்டைக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்த ஒரு லீக் பணமுடையில கதவைத் திறந்துச்சு. டப்ளின், பிங்கெல்லி, கானிவா, பெர்த்துன்னு பசங்க உள்ள வந்தாங்க. கதவைத் திறந்தது பெருந்தன்மையால இல்லை, 40 லட்சம் டாலருக்காக. இருந்தாலும் வந்தவங்க வந்துட்டாங்க. ஒருத்தர் கிளப்போட கடனை அடைச்சார், ஒருத்தர் லீக்கையே கண்ணாடி பார்க்க வச்சார்.

ஸ்டைன்ஸ் குறுக்க ஓடினாரே, அந்த 15 மீட்டர் பெனால்டி, அதை 1988லேர்ந்து 50 மீட்டர் ஆக்கிட்டாங்க. இன்னிக்கு ஒரு பையன் அதே தப்பைப் பண்ணினா தண்டனை மூணு மடங்குக்கு மேல. அடுத்த மேட்ச் டீம் ஷீட்ல அவன் பேரை எழுதறதா வேணாமாங்கிறதுக்கு மட்டும் விதிப் புத்தகத்துல எதுவும் இல்லை. அது கோச் கையில இருக்கு.

சரி மக்களே, மணி பன்னெண்டு ஆகப்போகுது. காலையில அஞ்சரைக்கு கால். இந்த வாட்டி அந்தப் பத்து நிமிஷத்துல நானும் ஏதாவது பேசலாம்னு இருக்கேன். ஒரே பயம், கிளையண்ட் மெல்போர்ன் கிளப் ரசிகரா இருந்து, நான் போய் பக்கனாரா பேரை எடுத்தா ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டுக்கு யாரு பதில் சொல்றது? :-)